ஆணி டயர் அரித்த சாலையைப் பெயர்த்துப் போட வேண்டுமா?

கேள்வி: ஒஸ்லோவுக்கு அருகே எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் சொந்தமான ஏற்றச் சாலையில் சக்கரத் தடங்கள் பள்ளமாகி, மழைநீர் தேங்குகிறது. பனிக்கட்டியில் வழுக்காதிருக்க உலோக ஆணிகள் பதித்த குளிர்கால டயர்களே காரணம் என்கிறார்கள். சாலை முழுவதையும் பெயர்த்துப் போட வேண்டுமா?

பதில்: காரணம் உண்மையிலேயே ஆணி டயர் என்றால் வேண்டியதில்லை. டயரில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு முனை மேலடுக்கை மட்டுமே அரிக்கும், அடித்தளத்தைத் தொடாது. எனவே முதலில் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மீட்டர் நேர்ச்சட்டம் ஒன்றைச் சாலையின் குறுக்கே கிடத்தி, அதன் அடியில் விழும் இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஆணி அரித்த தடங்கள் காரின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 1.5 மீட்டர் இடைவெளியில் இருக்கும். கையால் தடவினால், தாரும் மணலும் போய் ஜல்லி முனைகள் சொரசொரவென்று தட்டுப்படும். மாறாக, பள்ளத்தின் ஓரங்கள் புடைத்திருந்தாலோ, வறண்ட குளத்து மண்ணைப் போல வெடிப்புகள் பின்னிக் கிடந்தாலோ, கோளாறு கலவையிலோ அடித்தளத்திலோ இருக்கிறது; அங்கே மேற்பூச்சுப் பணம் வீண். குறைந்த வேகத்தில் ஆணித் தேய்வும் குறைவு என்பதால், உள்சாலைகளில் இந்தச் சோதனையை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

தேய்வுதான் என்று தெரிந்தால், மூட்டையில் விற்கும் குளிர்கலவையைப் பள்ளத்தில் நிரப்பி முடித்துவிடாதீர்கள். ஓரத்தில் மெலிந்து முடியும் அந்தப் படலத்தை அடுத்த குளிர்காலத்து ஆணிகளே பெயர்த்துவிடும். மேலடுக்கை இயந்திரத்தால் சமமாகச் சுரண்டி, துடைத்து, தார்க் குழம்பு தெளித்து, அதன்மேல் புதிய சூடான அடுக்கை இட வேண்டும். அதன் கனம் கலவையிலுள்ள மிகப் பெரிய ஜல்லியைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். 11 மில்லிமீட்டர் ஜல்லி என்றால் மூன்றரை சென்டிமீட்டர்.

ஜல்லி பெரிதாகவும் கடினமாகவும் நிறைந்த 'ஷெலெட் அஸ்பால்ட்' (skjelettasfalt) கலவையைக் கேளுங்கள். 1960களில் ஜெர்மனியில் ஆணி டயரின் தேய்வைத் தாங்குவதற்கென்றே உருவான கலவை அது. 1975இல் அந்த நாடு அந்த டயர்களையே தடை செய்த பின்னும் கலவை நிலைத்துவிட்டது. ஒப்பந்தக்காரரிடம் கல்லின் 'கூலேமொல்லே' சோதனை மதிப்பையும் கேட்டு வாங்குங்கள்; எஃகுக் குண்டுகளோடு உருளையில் சுழற்றி, கல் எவ்வளவு தேய்கிறது என்று அளக்கும் சோதனை அது. எண் குறையக் குறையக் கல் தேய்வைத் தாங்கும்.

மெல்லிய அடுக்கு விரைவில் ஆறிவிடும். ரோலர் ஓடுவதற்குள் இறுகினால் எல்லாம் பாழ். ஆகையால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிய அடுக்குக்கு 2 முதல் 3 விழுக்காடு குறுக்குச் சரிவு கொடுப்பதையும், வடிகால் மூடிகளின் மட்டத்தைச் சரிசெய்வதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.