சிறிய மீன் தொட்டிகளுக்குக் குறைந்த செலவில் மர ஸ்டாண்டு நாமே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். என் வீட்டில் ஆறு தொட்டிகள் நாலு வருஷமாக நான் செய்த மர ஸ்டாண்டில்தான் இருக்கின்றன. எல்லாமே நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி உள்ள தொட்டிகள். நாலில் கப்பி, இரண்டில் ஃபைட்டர். மரம், பிளைவுட், திருகாணி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது. இரும்பு ஆங்கிளில் செய்ய வெல்டிங் பட்டறையில் கேட்ட தொகையில் அது பாதிகூட வராது.

ஆனால் இது நான் செய்த இரண்டாவது ஸ்டாண்டு. முதல் ஸ்டாண்டில் நாலு கால்களை நிறுத்தி, குறுக்குச் சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து ஆணி அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் நிரப்பி மூன்றாவது வாரம், ராத்திரி ‘படக்’கென்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்று ஆணி வரிசையாக இறங்கிய இடத்தில் கால் நெடுக்குவாக்கில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஆணிகள் கீழ்நோக்கி வளைந்து கிடந்தன. சட்டம் அரை அங்குலம் இறங்கி, அந்தப் பக்கத் தொட்டியின் சிலிகான் ஒட்டு விட்டு, மூலையில் தண்ணீர் கோடாக வழிந்துகொண்டிருந்தது. கிடைத்த வாளி, அண்டா எல்லாவற்றிலும் மீன்களை மாற்றி முடிக்கையில் விடிந்துவிட்டது.

தப்பு மரத்தில் இல்லை. எடை முழுவதையும் ஆணியைத் தாங்கச் சொன்னேன், அதுதான் தப்பு. ஒரு கன அடித் தண்ணீர் 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 28 கிலோ. தொட்டியை விளிம்பு வரை நிரப்ப மாட்டோம் என்றாலும், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் ஒரு தொட்டி 35 கிலோ வந்துவிடும். ஒரு தட்டில் மூன்று தொட்டி என்றால் நூறு கிலோவுக்கு மேல். அதுவும் ராத்திரி பகலாக இறங்காமல் இருக்கிற எடை. அதனால் மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும். திருகாணிக்கு வேலை, கட்டைகள் விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. உளி பிடித்துப் பள்ளம் வெட்டத் தெரியாதவர்களும் செய்யலாம். ஒவ்வொரு காலையும் இரட்டைக் கட்டையாக வையுங்கள். வெளிக்கட்டை தரையிலிருந்து உச்சி வரை ஒரே நீளம். உள்கட்டை துண்டுதுண்டாக வரும். 9 அங்குலத் துண்டு ஒன்று தரையில் நிற்கும். அதன் தலைமேல் கீழ்த்தட்டின் சட்டம் உட்காரும். அந்தச் சட்டத்தின் மேல் 23 அங்குலத் துண்டு நிற்கும். அதன் தலைமேல் மேல்தட்டின் சட்டம். இப்படி எடை படிப்படியாக நேரே தரைக்கு இறங்கிவிடும். நாளைக்கே திருகாணி எல்லாம் துருப்பிடித்தாலும் தட்டு கீழே சரியாது.

நான் வாங்கியது 3 அங்குலத்துக்கு 1½ அங்குலக் கட்டை, மொத்தம் அறுபது அடி போல. பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரம் என்பதால் இனி முறுக்கிக்கொள்ளாது. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், ரம்பத்தின் பல் போய்விடும். இறக்குமதிச் சரக்கோடு வருகிற பைன் பேலட் கட்டையும் மலிவுதான். ஆனால் அதில் முத்திரை குத்தியிருக்கும். ‘HT’ என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, வாங்கலாம். ‘MB’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.

சட்டத்தைப் படுக்க வைக்காதீர்கள். 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். அதே கட்டை அப்படி நின்றால் வளையாமல் தாங்கும் திறன் நான்கு மடங்கு. முன்சட்டம், பின்சட்டம் இரண்டையும் மூன்று குறுக்குக் கட்டைகளால் இணைத்து, மேலே அரை அங்குலப் பிளைவுட் போடுங்கள். காலுக்கு இடம் விட்டு மூலைகளை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். பிளைவுட் கடையில் ‘710’ என்று கேட்டால் தண்ணீர் தாங்கும் ரகத்தைத் தருவார்கள். கட் பீஸாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும். திருகாணி போடுமுன் டிரில்லால் சின்னதாக ஓட்டை போட்டுவிடுங்கள். கட்டையின் நுனிப்பக்கம் இதைச் செய்யாமல் முடுக்கினால் மரம் பிளக்கும்.

முன்னும் பின்னும் தாங்கினாலும் பக்கவாட்டில் ஆடும். பின்பக்கம் மூலைக்கு மூலை சாய்வாக ஒரே ஒரு ரீப்பர் கட்டை அடித்ததும் என் ஸ்டாண்டின் ஆட்டம் அப்படியே நின்றுபோனது, கையால் உலுக்கிப் பார்த்து அசந்துவிட்டேன். உயரத்துக்கு அகலம் குறைவு என்பதால் மேலே இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மாடி வீடு என்றால் அறை நடுவே வைக்காமல் சுவரை ஒட்டியே வையுங்கள்.

தொட்டிக்கும் மேல்தட்டுக்கும் நடுவே இடைவெளி விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. முதல் ஸ்டாண்டில் 5 அங்குலம்தான் விட்டேன். கை போகும், கையோடு வலை போகாது. ஒரு கப்பிக் குஞ்சைப் பிடிக்கத் தொட்டியையே வெளியே இழுக்க வேண்டியிருந்தது. இப்போது 10 அங்குலம், நிம்மதியாக இருக்கிறது.

உச்சியில் ஒரு சிறு பலகை வைத்து ஏர் பம்ப்பை அதன்மேல் வைத்திருக்கிறேன். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பம்ப் இருந்தால், கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் பின்வாங்கி பம்ப்புக்குள் போய்விடும். வயர்களையும் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகுங்கள். வயரில் வழியும் சொட்டு அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும்.

பிரைமர் ஒரு கோட், எனாமல் பெயின்ட் இரண்டு கோட். வெட்டிய முனைகளும் காலின் அடிப்பாகமும் கூடுதலாகக் குடிக்கட்டும், கரையானும் ஈரமும் அங்கேதான் ஏறும். வாசனை முழுவதும் போக ஒரு வாரம் காய வையுங்கள்.

பிறகு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் விரித்து, மீன் விடாமல் தண்ணீர் மட்டும் நிரப்பி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் சட்டத்தின் அடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் சட்டம் நூலை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு இருந்தால் மீன் வாங்கக் கிளம்பலாம்.