பயிற்சியாளர் என்னை வேண்டுமென்றே உட்கார வைக்கிறார். மேனேஜரிடம் சொல்லலாமா?

என்ன விளையாட்டு என்று நீங்கள் சொல்லவில்லை. கல்லூரி அணி, இரண்டாவது அல்லது மூன்றாவது வருடம், போன சீசன் வரை முதல் பட்டியலில் பெயர் இருந்தது, இப்போது காரணம் சொல்லாமல் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. புதியவனுக்கு ஜெர்சி கிடைத்ததே பெரிய விஷயம்.

மேனேஜரிடம் போகாதீர்கள். என் விஷயத்தில் நான் அவரிடம் போகக்கூட இல்லை. அவராக வந்தார், நான் காதைக் கொடுத்தேன். அதற்கே அந்தப் பாடு.

வாலிபால், பல்கலைக்கழக அணி. 2009-ல் கேரளத்தில் தென்மண்டலப் போட்டி. நான் செட்டர். பின்னால் நிற்பவன் எடுத்துக் கொடுக்கும் பந்தை நெட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிடுபவன், யார் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்பவன். கைதட்டல் அடித்தவனுக்குப் போகும், திட்டு செட்டருக்கு வரும். முந்தைய இரண்டு வருடமும் அந்த இடம் என்னுடையது.

எங்கள் பக்கம் பல்கலைக்கழக அணி கிளம்பினால், ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் கோச்சாக வருவார், வேறொரு கல்லூரிக்காரர் மேனேஜராக வருவார். ஆட்டம் கோச்சின் பொறுப்பு. டிக்கெட், பேட்டா, தங்குமிடம், படிவம், சான்றிதழ் எல்லாம் மேனேஜர் கையில். டிவியில் இங்கிலாந்துக் கால்பந்து பார்த்துவிட்டு, மேனேஜர் என்றதும் அலெக்ஸ் ஃபெர்குசனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அணியைத் தேர்வு செய்கிறவரே மேனேஜர்தான். நம் ஊர் மேனேஜருக்குக் கைப்பையும் ரசீதும் தலை எண்ணுகிற வேலையும்தான். ஆனால் ராத்திரி பேட்டா கொடுக்கும்போது பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசக் கிடைக்கிற ஒரே ஆள் அவர். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம், தட்டுத் தடுமாறித்தான். இரண்டாவது ஆட்டத்துக்கு வார்ம்-அப் செய்யும்போது மாஸ்டர் என் பக்கமே திரும்பவில்லை (கோச்சை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்). முதல் வருடப் பையன் ஒருவனைச் செட்டராக இறக்கினார். நான் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றேன். அன்று ராத்திரி டீக்கடையில் மேனேஜர் சார் தோளில் கை போட்டார்.

"தம்பி, மாஸ்டர் இனிமே உன்னை இறக்க மாட்டாருன்னு நினைக்கிறேன். அந்தப் பையன் யாரு, அவர் காலேஜ்தானே. நான் சொன்னேன்னு காட்டிக்காதே."

நான் மேனேஜரின் கல்லூரி. அதனால் அவர் சொன்னது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்கப் பழைய சம்பவங்களைத் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் மாஸ்டர் என்னை ஒதுக்கியதற்கு ஆதாரம் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது ஆட்டம். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் நாங்கள் 19, அவர்கள் 21. பையனுக்குக் கை நடுங்கிவிட்டது, பந்து நெட்டை ஒட்டியே போகிறது. மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் வலது கை விரலைப் பிடித்துக்கொண்டு, "விரல் பிசகியிருக்கு மாஸ்டர்" என்றேன்.

பொய். ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். 21-25. அடுத்த செட்டும் போச்சு. மறுநாள் ரயில்.

திட்டப் போகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். அணியை நடுவழியில் விட்டவன் உபதேசம் செய்ய வந்துவிட்டான் என்று யாராவது எழுதுவார்கள், தெரியும். இருபது வயது, மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, பள்ளி வகுப்பறைத் தரையில் படுக்கை. நியாயப்படுத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு வருடம் கழித்து, கூட விளையாடியவன் ஒருவனின் கல்யாணப் பந்தியில் மாஸ்டர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வருகிற நேரத்தில் தைரியம் வந்து கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் என்னை உட்கார வைத்தீர்கள் என்று.

"எல்லாப் பந்தையும் நாலுக்கே போட்ட. எதிர்ல ரெண்டு பேர் உனக்கு முன்னாடியே அங்க போய் பிளாக்குக்கு நின்னுட்டாங்க. நடுவுல ஒரு பந்து போடல, பின்பக்கம் ஒரு பந்து போடல. ரெண்டு ஆட்டம் வெளிய நின்னு பார்த்தா புரியும், நாக்-அவுட்டுக்கு நீதான்னு மேனேஜர்கிட்ட சொல்லி விட்டேனே. சொல்லலியா?"

நாலு என்றால் நெட்டின் இடது ஓரம். அந்த நான்காம் இடத்தில் அடித்தவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். ஒருநாளும் யோசித்துப் போட்டதில்லை, கை தானாக அங்கே போகும். ஏழு வருடமாக எனக்கு இது தோன்றவே இல்லை என்பதுதான் கேவலம்.

"நேர்ல சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவ. ஆட்டம் கெட்டுடும்."

அந்தப் பையன் அவர் கல்லூரி என்பதும் உண்மைதான். அதை நான் இன்னும் முழுசாக விட்டுவிடவில்லை, சொல்லிவிடுகிறேன்.

பெரிய இடத்திலும் இதேதான். அனில் கும்ப்ளே 2016 ஜூனில் இந்திய கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த ஒரு வருடத்தில் ஒரு டெஸ்ட் தொடர்கூடத் தோற்கவில்லை. 2017 ஜூன் 18-ல் சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் தோற்றார்கள், 20-ம் தேதி ராஜினாமா. கேப்டன் விராட் கோலிக்குத் தன் பாணி பிடிக்கவில்லை என்பதைத் தனக்கு முதல்முறையாகச் சொன்னதே கிரிக்கெட் வாரியம்தான் என்று கும்ப்ளே தன் அறிக்கையில் எழுதினார். ஒரே பேருந்து, ஒரே டிரஸ்ஸிங் ரூம், ஒரு வருடம். செய்தி மட்டும் மும்பை வழியாகச் சுற்றி வருகிறது. கோலி பக்கம் நியாயம் இருந்திருக்கலாம், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

அதற்கு முன்னால் பயிற்சியாளராக இருந்த கிரெக் சாப்பல் கதை எல்லோருக்கும் தெரியும். 2005-ல் அவர் அப்போதைய கேப்டன் கங்குலியைப் பற்றி வாரியத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் பத்திரிகைக்குக் கசிந்தது. கேப்டன் பதவி திராவிடுக்குப் போனது. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வீடு திரும்பினார்கள்.

என்னை மிகவும் குத்தியது பெண்கள் கிரிக்கெட் அணியின் மிதாலி ராஜ் விஷயம். 2018 டி20 உலகக் கோப்பை, ஆன்டிகுவாவில் இங்கிலாந்துடன் அரையிறுதி. அதே போட்டியில் பாகிஸ்தானோடும் அயர்லாந்தோடும் அரைசதம் அடித்திருந்த மிதாலி வெளியே. இந்தியா 112-க்கு ஆல் அவுட், எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. அப்புறம் மிதாலி வாரியத்துக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. தான் பேசப் போனால் பயிற்சியாளர் ரமேஷ் பவார் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுவார் என்று அதில் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு அந்த வார்ம்-அப்தான் ஞாபகம் வந்தது. உட்கார வைத்ததைக்கூட மறந்துவிடலாம், முகம் பார்க்காததை மறக்க முடியாது. பவார் தரப்பு வேறு. மிதாலிதான் ஒத்துழைக்கவில்லை, தொடக்க ஆட்டக்காரராக இறக்காவிட்டால் ஓய்வு பெறுவேன் என்று மிரட்டினார் என்று அவர் அறிக்கை கொடுத்தார். இரண்டில் எது உண்மை என்று சொல்ல நான் அந்த அறையில் இல்லை.

பவாரின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்து, நம்ம சென்னைக்காரர் டபிள்யூ.வி. ராமன் வந்தார். அவர் காலத்தில் அணி 2020 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. ஆனாலும் 2021 மே மாதம் ராமனை மாற்றிவிட்டு மறுபடி பவாரையே போட்டார்கள். ஒருநாள் அணிக்கு அப்போதும் மிதாலிதான் கேப்டன். இரண்டு பேரும் சேர்ந்துதான் இங்கிலாந்து போனார்கள், சேர்ந்துதான் 2022 உலகக் கோப்பைக்கும் போனார்கள். உள்ளுக்குள் என்ன இருந்ததோ, வேலை நடந்தது.

சரி, உங்களுக்கு வருகிறேன். உங்கள் கோச் மைதானத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே வருகிறவராக இருந்தால், நீங்களும் அந்த நேரத்துக்குப் போங்கள். அவர் நெட் கட்டும்போது மறு முனையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். "என்னை ஏன் எடுக்கல" என்று கேட்காதீர்கள், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். "நான் எதைச் சரி பண்ணணும் மாஸ்டர்" என்று கேட்டால் ஏதாவது ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தோற்ற அன்றைக்குக் கேட்கவே கேட்காதீர்கள். கோச் சாதி பார்க்கிறார், காசு கேட்கிறார், தப்பாக நடந்துகொள்கிறார் என்றால் கதை வேறு. அப்போது மேனேஜர் என்ன, அதற்கு மேலேயும் போங்கள், எழுத்தில் கொடுங்கள்.

அதற்காக மேனேஜரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனு போட பல்கலைக்கழகம் தரவேண்டிய ஃபார்ம் 3 என் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு வேலைக்குக் கடைசி தேதி போய்விட்டது. கேட்டால் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்பார்கள். எங்கே போயிருக்கிறது, நடந்தா போனது? போட்டிக்குப் போகும் வீரர்களுக்கு ரயிலில் இருந்த 75 சதவீதக் கட்டணச் சலுகையையும் 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். ஒலிம்பிக்கில் பதக்கம் வரவில்லை என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எல்லோரும் கவலைப்படுவார்கள். விடுங்கள், நீங்கள் கேட்டது இதை இல்லை.

விரல் விஷயத்தை மாஸ்டரிடம் ஒப்புக்கொண்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. வாய் வரவில்லை. பந்தி முடிந்து கை கழுவ வரிசையில் நிற்கும்போது அவரே பின்னாலிருந்து கேட்டார்: "விரல் இப்ப தேவலையா?"