ஆணுறை விளம்பரமும் பெட்டிக்குள் மடித்த தாளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருத்தடைச் சாதனங்களைப் பற்றிப் பொதுவெளியில் தயக்கமின்றிப் பேச வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினொரு வயது மகளுடன் விளையாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆணுறை விளம்பரம் வந்தது. “இது எதுக்குப்பா?” என்று கேட்டாள். நான் சேனலை மாற்றிவிட்டேன். தேவைப்படுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டினால், பாதுகாப்பாக இருந்தால் எதையும் செய்யலாம் என்று இளையவர்களைத் தூண்டிவிடுவது ஆகாதா? உங்கள் பிள்ளையுடன் உட்கார்ந்து அந்த விளம்பரத்தைப் பார்ப்பீர்களா?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மங்கிய வெளிச்சம், பட்டு விரிப்பு, ஒரு பெருமூச்சு, கடைசியில் ஏதோ ஒரு பழத்தின் மணம் என்று ஓடி முடியும் அந்த விளம்பரங்களில், அந்தப் பொருள் எதற்காக என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. அதே பொருளின் பெட்டியைத் திறந்தால் உள்ளே நான்காக மடித்த தாள் ஒன்று இருக்கும். காலாவதியாகும் தேதியைப் பார்க்க வேண்டும், பணப்பையில் நாட்கணக்கில் வைத்திருந்து சூட்டிலும் உரசலிலும் கெடவிடக் கூடாது, லேடெக்ஸ் என்ற ரப்பர் வகை உறையோடு எண்ணெய்ப் பசை எதையும் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் அதில் அச்சாகியிருக்கும். அதைப் பிரித்துப் படித்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், ஓராண்டில் 100 பெண்களில் 2 பேர் கருவுறக்கூடும். நடைமுறையில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 13. ஒவ்வொரு முறையும் பயன்படுத்தாததும், யாரும் படிக்காத அந்தத் தாளில் சொல்லியிருப்பதுபோல் சரியாகப் பயன்படுத்தாததும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். எனவே கிளர்ச்சியூட்டும் விளம்பரங்களைப் பின்னிரவுக்குத் தள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் அதற்கும் மேலே போய், எல்லோர் கண்ணிலும் படுவதே தவறு என்கிறீர்கள். இது பழைய வாதம். அமெரிக்கா 1873-இல் கொண்டுவந்த சட்டம், கருத்தடை பற்றிய தகவலை ஆபாசப் பொருள்களோடு ஒன்றாக வைத்துத் தபாலில் அனுப்பத் தடை விதித்தது. 1877-இல் லண்டனில், அப்போது நாத்திகப் பிரசாரகர்களாக இருந்த சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசண்டும் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதிய கருத்தடை நூலை மறுபதிப்புச் செய்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அன்று அரசுத் தரப்பை உறுத்தியது நூலின் உள்ளடக்கம் மட்டுமல்ல, யாரும் வாங்கிவிடக்கூடிய ஆறு பென்னி என்ற விலையும்தான். வழக்கின் புண்ணியத்தில் அந்நூல் சில மாதங்களில் லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தண்டனைத் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் 1878-இல், இந்த நூலை வெளியிட்டதையும் நாத்திகத்தையும் காரணம் காட்டி, பெசண்டிடமிருந்து அவருடைய சிறு மகளை நீதிமன்றம் பிரித்தது. ஒரு மகளின் தந்தையாக நீங்கள் எழுதியிருப்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றியது.

மருத்துவரிடம் கேட்கலாம் என்பது, கேட்கத் துணிந்தவருக்குப் பொருந்தும். மருந்துக்கடையில் ஓர் ஓரமாக நின்று, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, கடைசியில் தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பும் இளைஞனைக் கவனித்திருக்கிறீர்களா? மருத்துவரின் முன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் என்ன கேட்டுவிடுவான்? அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு விரைவில் உட்கொள்கிறோமோ அவ்வளவு பயன் என்பதும், தினசரி மாத்திரை கருவைத் தடுக்குமே தவிரப் பால்வினை நோயைத் தடுக்காது என்பதும் அவனுக்கும் அவளுக்கும் தேவைப்படும் நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. குணப்படுத்தக்கூடிய பால்வினை நோய்கள் மட்டுமே உலகில் ஒவ்வொரு நாளும் 10 லட்சத்துக்கும் மேல் புதிதாகத் தொற்றுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

தூண்டிவிடுமா என்று கேட்கிறீர்கள். பாலியல் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, அது இளையோரின் உடலுறவைக் கூட்டுவதில்லை என்றே 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் கூறியது. வகுப்பறைக் கல்வியும் முப்பது நொடி விளம்பரமும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும், அதை ஏற்கிறேன். அப்படியானால் விளம்பரத்தை வகுப்பறையின் பக்கம் நகர்த்துவதுதானே முறை? தாய்லாந்து ஏறக்குறைய அதைச் செய்தது. எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த 1990-களின் தொடக்கத்தில், அந்நாட்டு அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சுற்றிவளைக்காமல் பேசியது; பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ஆணுறையைக் கட்டாயமாக்கியது. அவ்விடங்களில் 1989-இல் 14 விழுக்காடாக இருந்த ஆணுறைப் பயன்பாடு சில ஆண்டுகளில் 90 விழுக்காட்டைத் தாண்டியது, பால்வினை நோய்களும் சரிந்தன. கட்டாயத்தின் பங்கையும் பேச்சின் பங்கையும் பிரித்து அளப்பது கடினம்தான். ஆனாலும், பெயரைச் சொல்லவே கூசும் ஒரு பொருளை எந்த அரசாலும் கட்டாயமாக்க முடியாது.

உங்கள் மகளின் கேள்விக்கு இரண்டு வாக்கியம் போதும் என்று நினைக்கிறேன்: “குழந்தை இப்போது வேண்டாம் என்று நினைக்கும் பெரியவர்கள் பயன்படுத்துவது, நோய் வராமலும் காக்கும். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் விவரமாகச் சொல்கிறேன்.” அவள் அநேகமாக ஆட்டத்துக்குத் திரும்பியிருப்பாள்.

என் பிள்ளையுடன் உட்கார்ந்து பார்ப்பேனா என்று கேட்டிருந்தீர்கள். மகனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அப்படி ஒரு மாலை வாய்த்தது. நான் ஒலியை நிறுத்தினேன். அவன் திரையை விட்டுவிட்டு என் கையிலிருந்த ரிமோட்டையே பார்த்தான். இரண்டு நாள் கழித்து ஒருவழியாகத் தைரியம் வந்து, அவனை அழைத்து உட்காரவைத்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, “ரப்பர் மரத்துப் பால்லயா செய்றாங்க?”