வெளிநாட்டிலிருந்து வந்து கும்பகோணத்தில் வசிப்பவர்கள் ஓய்வு நேரத்தில் எங்கே போவீர்கள்? என்ன கவனித்தீர்கள்?

பினாங்கில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்தவள் நான். ஆனால் என்னை வெளிநாட்டுக்காரி என்று இந்த ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "பூர்வீகம் எது?" என்று கேட்பார்கள். தாத்தா திருவாரூர்ப் பக்கம், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர் என்றதும், "அப்படியென்றால் நம் ஊர்ப் பெண்தான்" என்று வழக்கைத் தீர்த்துவிடுவார்கள். இருந்தாலும் ஊர் சுற்றுவதில் நான் இன்னும் வெளியூர்க்காரிதான். என் மாமியார் பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர். தாராசுரம் கோயிலை நான் பார்த்த அளவுக்கு அவர் பார்த்ததில்லை.

இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்கே போவது என்று கேட்கிறார்கள். எத்தனை மணிக்குப் போவது என்று கேட்பதில்லை. பினாங்கில் பேரங்காடி காலையில் திறந்தால் இரவுதான் மூடும். நினைத்த நேரத்துக்குப் போகலாம். கும்பகோணம் ஒரே நாளில் இரண்டு முறை விடிகிற ஊர். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணியாவது ஆகும். நடுவில் பெரிய தெருவின் சந்தடிகூடக் கொஞ்சம் அடங்கும். வெயிலில் தேநீருக்கு அலைகிற சுற்றுலாக் குடும்பங்களை அந்த நேரத்தில்தான் பார்ப்பேன். அவர்கள் பெரும்பாலும் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கக் கிளம்பியவர்கள். திங்களூர் திருவையாற்றுப் பக்கம் இருக்கிறது, திருநள்ளாறு காரைக்காலில், திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் பூம்புகாரை ஒட்டி. இத்தனையையும் நடை சாத்துவதற்கு முன்பும் திறந்த பின்பும் என்று பிரித்து ஓடினால் புண்ணியம் கிடைக்கலாம். பார்த்த கோயில் எது என்று மறுநாள் கேட்டால் பதில் கிடைக்காது.

என் காலை நேரம் கடைத்தெருவுக்கு. காய்கறியைவிட வெற்றிலை வாங்குவதில்தான் எனக்கு ருசி. பாபநாசம், ராஜகிரிப் பக்கத்துக் கொடிக்கால்களிலிருந்து வருகிறது. கடைக்காரம்மா காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, ஈரத்துணியை விலக்கி, கவுளிக் கணக்கில் எண்ணித் தருவார். எண்ணும்போது பேசக்கூடாது, பேசினால் முதலிலிருந்து எண்ணுவார், பார்வையும் சுடும். நுனி கருத்த இலையை அவரே தள்ளிவைத்துவிடுவதால் நாம் பொறுக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் இட்லிக்குக் கடப்பா. உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த இந்தக் குழம்பைப் பினாங்கில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தஞ்சை மாவட்டத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டிலும் பலருக்குத் தெரியாது. டிகிரி காபியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

கோயில் சாத்தியிருக்கும் மதிய வேளைக்கு என் சிபாரிசு சுவாமிமலை. முருகன் சன்னிதிக்கு ஏறும் அறுபது படிகளில் அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. தங்கள் பிறந்த ஆண்டுப் படியைத் தேடி நிற்கிறவர்களைக் காலையில் பார்க்கலாம். மதியத்தில் நான் போவது கீழே, ஸ்தபதிகளின் பட்டறைக்கு. சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். ஒடியோலை என்பது அதன் பெயர். முகம் எவ்வளவு, கழுத்திலிருந்து மார்பு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த ஓலையில் அடங்கிவிடும். அளவுகோலை யாரும் தேடுவதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தைச் செய்து, அதன்மேல் முதல் பூச்சாகக் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். அந்த மண் மாவு போல நைசாக இருப்பதால் மெழுகில் கீறிய நகமும் நகையும் அப்படியே அச்சில் பதிந்துவிடும். மண் காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி வடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். வெளியே வருகிற நடராஜர் முதலில் கரி அப்பிய பழைய இரும்பு மாதிரி இருப்பார். அதற்குப் பிறகுதான் உளியும் அரமும் எடுத்து உட்காருகிறார்கள். அந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். வாங்க மாட்டாள் என்று தெரிந்த பின்னும் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்த பட்டறை உண்டு.

மாலை நாலரைக்கு மேல் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்க வேண்டும், இதைக் குனிந்து பார்க்க வேண்டும். பெரியபுராணக் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் கைடு எல்லாருக்கும் காட்டிவிடுவார். மண்டபத்தை இழுக்கும் கல்குதிரையின் பக்கத்தில் சாய்வெயில் விழும் நேரத்தில் நின்று பாருங்கள், அது போதும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் முன்பக்கத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். செருப்பையும் விட்டுவிட்டுத் தண்ணீரில் நடக்க ஆயத்தமாகப் போங்கள்.

இந்தப் பயணங்களுக்கெல்லாம் எனக்குப் பெரும்பாலும் செலவே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் கட்டணமில்லாத டிக்கெட்டைக் கிழித்துத் தருவார். பினாங்கில் பஸ் நிறுத்தத்தில் நான் காத்திருந்தது தனியாக. இங்கே நிறுத்தத்தில் நிற்கும் பெண்களே அடுத்த பஸ் எது, எதில் இடம் கிடைக்கும், நான் யார் வீட்டு மருமகள் என்பது வரை விசாரித்து முடித்துவிடுவார்கள். ஒரே குறை நடைபாதை. இருக்கிற நடைபாதையிலும் கடை விரித்திருக்கிறார்கள். காற்றொலிப்பானை அலறவிட்டபடி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமே இருக்காது.

ஒரு நாளுக்குக் கோயில் நடை திறக்கும் நேரம் போல ஆண்டுக்குத் தண்ணீர்தான் கணக்கு. நான் முதலில் பார்த்த காவிரி, மணலும் முட்செடியுமாகக் கிடந்தது. இதையா இத்தனை பாட்டில் பாடினார்கள் என்று எண்ணினேன். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அணையில் நீர் இல்லாத ஆண்டில் தேதி தள்ளிப்போகும். திறந்த செய்தி வந்ததிலிருந்து தெருவில் ஒரே பேச்சு: கல்லணைக்கு வந்துவிட்டதா, இங்கே எப்போது வரும்? விவசாயம் செய்யாதவர்களும் கேட்பார்கள். ஆடிப் பதினெட்டு அன்று பகவத் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துப் படையல் போடுவார்கள். புதுத் தம்பதிகள் கல்யாண மாலையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து ஆற்றில் விடுவார்கள். பிள்ளைகள் தெருவில் சின்னச் சப்பரம் இழுப்பார்கள். தண்ணீர் வராத ஆண்டில் இதே சடங்குகளைக் குழாயடியில் வைத்துச் செய்ததாக மாமியார் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருக்கு இன்னும் கோபம் வரும்.

தூரப் பயணம் என்றால் எனக்கு நாகூர். காரைக்கால் பஸ்ஸில் போய், அங்கே நாகப்பட்டினம் பஸ் பிடித்தால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். பினாங்கு சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சின்ன தர்கா உண்டு. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன். அதற்கு மூலம் எங்கே என்று நான் யோசித்ததே இல்லை. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிய பெரிய மனோராவை, அதாவது தர்காவின் உயரமான கோபுரத்தை, நாகூரில் கீழே நின்று பார்த்தபோது, ஊரைவிட்டுக் கப்பலேறியவர்கள் அங்கே போய் முதலில் எதற்கு இடம் தேடியிருப்பார்கள் என்று விளங்கியது. மொட்டை போட வந்திருந்த கூட்டத்தில் நெற்றியில் திருநீறு இட்டவர்களும் நிறைய இருந்தார்கள்.

வருகிற ஆடிக்கு அம்மா பினாங்கிலிருந்து வருகிறாள். அவள் கேட்டிருப்பது நாகூர் ஒன்றுதான். தாராசுரம் வேண்டாமாம், கால் வலிக்குமாம். நான் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.