வாசகர் கேள்வி – பதில்: சிறைக்குள் ஒரு நாடகம்

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய நாடகக் குழு. சிறைவாசிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கொண்டே அவர்களுடன் ஒரு நாடகம் உருவாக்க அனுமதி கிடைத்திருக்கிறது. கதைகளை அவர்களிடம் எப்படிக் கேட்டு வாங்குவது? சொல்வது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ‘கேட்டு வாங்குவது’ என்னும் சொல்லே எனக்கு உறுத்துகிறது. சிறையில் இருப்பவர் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் தம் கதையைப் பலமுறை சொல்லி, ஒவ்வொரு முறையும் அது தமக்கு எதிராக எடைபோடப்படுவதைப் பார்த்தவர். நீங்களும் குறிப்பேட்டுடன் எதிரே அமர்ந்தால், அவர் கண்ணுக்கு இன்னொரு விசாரணை அதிகாரியாகத்தான் தெரிவீர்கள். குற்றத்தைப் பற்றி நீங்களாகக் கேட்கவே வேண்டாம். இது வெறும் நாகரிகம் அன்று. மேல்முறையீடு நிலுவையில் இருப்பவர் ஒத்திகையில் வாய்தவறிச் சொல்லும் ஒரு வாக்கியம் அவர் வழக்கையே பாதிக்கக்கூடும்.

ஒரு பயிற்சியின்போது, சிறுவயதில் வாழ்ந்த வீட்டைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையச் சொன்னேன். ஐம்பதைக் கடந்த ஒருவர் நான்கு கோடுகளை இழுத்துவிட்டு உள்ளே நுழையும்போது தலையைக் குனிந்தார், வாசல்நிலை தாழ்வாம். சற்று நேரத்தில் மற்றவர்களும் அந்தக் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் தாமாகவே குனியத் தொடங்கினார்கள். நாடகத்தின் முதல் காட்சி அதுவாகவே அமைந்தது. அதில் ஒரு வசனமும் இல்லை. அந்த வாசல் உண்மையிலேயே தாழ்வானதுதானா என்று நான் விசாரிக்கவில்லை. மேடைக்கு அந்தக் குனிவு போதும்.

தம் கதையைத் தாமே நடிக்க வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் நடிக்க, சொன்னவர் ஓரமாக அமர்ந்து பார்ப்பதில்தான் பல நேரங்களில் இந்த வேலையின் பயன் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் நாடகக் கலைஞர் ரோடெசா ஜோன்ஸ் 1989-இல் தொடங்கிய, கிரேக்கக் கதைமாந்தர் மெடியாவின் பெயர் தாங்கிய ‘மெடியா திட்டம்’, சிறைப்பட்ட பெண்களின் அனுபவங்களைக் கிரேக்கத் தொன்மங்களோடு பின்னியது. ‘இது என் கதை’ என்று அறிவிக்காமலே ஒருத்தி தன் கதையைச் சொல்ல அந்தப் பழங்கதை இடம் கொடுத்தது. சிறைகளில் நாடகம் நடத்தும் கீஸ் (Geese) நாடகக் குழுவின் முகமூடி உத்தியையும் பாருங்கள்: முகமூடி அணிந்திருக்கும்வரை பாத்திரம் வெளியே காட்டிக்கொள்ளும் முகம், அதை உயர்த்தினால் உள்ளே ஓடும் எண்ணம் பேச்சாக வரும். வீறாப்பைக் கவசமாக அணிந்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சம்மதத்தை ஒருமுறை எழுதி வாங்கிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அரங்கேற்றத்துக்கு முதல் நாள்கூட ஒருவர் தம் கதையை எடுத்துவிடச் சொல்லலாம். அது இல்லாமலும் நிற்கும்படி நாடகத்தைக் கட்டுங்கள். பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காட்டும் பெயரோ ஊரோ இடம்பெறக் கூடாது.

கேள்வி: ஒத்திகையின் நடுவில் நடிகர் விடுதலையாகிவிட்டால் என்ன செய்வது?

பதில்: மகிழ்ச்சியோடு அனுப்பிவையுங்கள்! விடுதலையைவிட இடமாற்றமே அடிக்கடி வரும், அதுவும் முன்னறிவிப்பில்லாமல். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தையும் இருவருக்காவது பழக்கி, நாடகத்தைத் தனித்தனிக் காட்சிகளாக அமையுங்கள். இன்னொன்று: கைதட்டல் ஓய்ந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போவீர்கள், அவர்கள் அறைக்குத் திரும்பிக் கதவு பூட்டப்படும். அந்த இரவு அவர்களுக்கு மிகவும் கனமானது. மறுநாள் காலை அவர்களைப் போய்ப் பார்ப்பதற்கும் சேர்த்தே அனுமதி வாங்கி வையுங்கள்.