பொதிமாட்டிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள அண்ணா,

நானும் என் நண்பனும் ஆறு வருடமாக 1/72 அளவு (நிஜ ஆளில் 72இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, விதிகளும் டைஸுமாக இரண்டாம் உலகப் போர் ஆடிவருகிறோம். போன வருடம், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் பக்கம் மோதிய கர்நாடகப் போர்களைப் பற்றிப் படித்துப் பித்துப் பிடித்துப்போய், வந்தவாசிப் போரை மேசைக்குக் கொண்டுவருவது என்று இறங்கினேன். ஆங்கிலக் கம்பெனியின் வெள்ளைக்காரர்களும் நம்மூர்ச் சிப்பாய்களுமாக 28 மி.மீ. உலோக மினியேச்சர்கள் 40 வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கஸ்டம்ஸ் கட்டியதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 16 பேருக்கு வண்ணம் பூசினேன். மீதிப் பேர் எட்டு மாதமாக டப்பாவில் கிடக்கிறார்கள். எந்தப் படைக்கு என்ன நிறம் என்று தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. நண்பனுக்கோ டாங்க் இல்லாத போரில் ஆர்வமே இல்லை. ஸ்கேலை (பொம்மையின் அளவை) மாற்றுவதா, வேறு ஆட்ட விதிகளைப் பார்ப்பதா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிடுவதா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

விற்காதீர்கள். கஸ்டம்ஸ் காசு எப்படியும் திரும்பாது.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் பக்கம் ஏறக்குறைய 1,900 ஐரோப்பியக் காலாட்கள், 2,100 சிப்பாய்கள், முந்நூற்றுச் சொச்சம் குதிரைகள். பிரெஞ்சுத் தளபதி லாலி பக்கம் 2,250 ஐரோப்பியக் காலாட்கள், 300 ஐரோப்பியக் குதிரைகள், 1,300 சிப்பாய்கள், கூடவே 3,000 மராத்தியக் குதிரைகள். 20 பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் 550க்கு மேல் ஆகிறது. வாரத்துக்கு ஐந்து பொம்மை முடித்தால் இரண்டு வருடத்தைத் தாண்டும். இதில் வேடிக்கை, அந்த 3,000 மராத்தியர் சண்டையில் இறங்கவே இல்லை. 150 குதிரைக்கு வண்ணம் பூசி மேசை ஓரத்தில் வேடிக்கை பார்க்க நிறுத்திவைக்கவேண்டும். எட்டு மாதத்தில் நின்றுபோனதற்கு உங்கள் சோம்பலைக் குறை சொல்லமாட்டேன். கரை தெரியாத ஆற்றில் யாரும் ரொம்ப நேரம் நீந்துவதில்லை.

இன்னொன்று, காலகட்டம், ஸ்கேல், விதிகள், பிளாஸ்டிக்கிலிருந்து உலோகம் என்று நான்கையும் ஒரே மூச்சில் மாற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுமே தனித்தனியாக ஆறு மாதம் பழகவேண்டிய விஷயம்.

அதைவிடக் கஷ்டம் கண்ணைப் பழக்குவது. ஆறு வருடமாக உங்கள் கை ஆளைச் சுவருக்குப் பின்னால் ஒளிக்கிறது, ஆளுக்கு ஆள் இடைவெளி விடுகிறது. 1750களின் காலாட்படை தோளோடு தோள் ஒட்டி மூன்று வரிசையாக வெட்டவெளியில் நிற்கும். 600 பேர் கொண்ட பட்டாலியன் அப்படி நின்றால் முன்வரிசையில் 200 பேர், அகலம் சுமார் 110 மீட்டர். மேசையில் அதை 24 பொம்மைகளால் இரண்டு வரிசையில் காட்டினால், ஆளுக்கு 2 செ.மீ. வைத்து 24 செ.மீ. வருகிறது. மஸ்கெட் (அந்தக் காலத் துப்பாக்கி) உருப்படியாகச் சுடும் தூரம் 100 மீட்டர் என்றால், மேசையில் அது 22 செ.மீ. தான். ஆனால் பொம்மையின் உயரத்தை அளவாக வைத்துப் பாருங்கள், அதே 100 மீட்டர் 180 செ.மீ. ஆகிவிடும். ஆறடி மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுடலாம்! ஆளுக்கு ஒரு கணக்கு, மண்ணுக்கு ஒரு கணக்கு. ஒரு ஓட்டு வீட்டை வைத்தால் அது ஒரு தெருவையே விழுங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் முதல் ஆட்டத்தில் "ஏதோ சரியில்லையே" என்று முழிப்பது பெரும்பாலும் இங்கேதான். விதிப்புத்தகத்தை மாற்றுவதால் இது தீராது.

நிறக் குழப்பத்துக்கு என் கதையைச் சொல்கிறேன். பிரெஞ்சு என்றால் வெள்ளைக் கோட்டு என்ற நினைப்பில் லாலியின் ரெஜிமெண்டுக்கு 24 பொம்மைகளை மூன்று வாரம் உட்கார்ந்து வெள்ளையில் முடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது ஐரிஷ் ரெஜிமெண்ட். பிரெஞ்சு மன்னரிடம் வேலை பார்த்த ஐரிஷ் ரெஜிமெண்டுகள் போட்டது சிவப்புக் கோட்டு. எதிரே நிற்கும் ஆங்கிலேயனும் சிவப்பு. 24 பேரையும் டெட்டாலில் ஊறப்போட்டேன். ஒரு நாள் கழித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வண்ணம் தோல்போல உரிந்து வந்தது. உரித்து முடிக்கும் முன் தண்ணீரில் காட்டிவிடாதீர்கள், கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். வீடு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டுபோல மணந்தது.

உங்கள் சிப்பாய்களுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். மதராஸ் சிப்பாய்கள் முறையான பட்டாலியன்களானதே 1750களின் கடைசியில்தான். அதற்கு முன்னால் பெரும்பாலும் அவரவர் உடை, அவரவர் தலைப்பாகை. 16 பேருக்கும் ஒரே நிறம் அடித்திருந்தால் நாலைந்து பேரின் தலைப்பாகையை மட்டும் மாற்றுங்கள், போதும்.

தேதிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் புதியதில். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கணக்குகளிலும் 11 நாள் வித்தியாசம் வரும். நான் ஒரு முறை ஒரே சண்டையை இரண்டு சண்டை என்று நம்பி இரண்டு வரைபடம் போட்டேன். நமக்கு ஒரு வசதி உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, தமிழ் வருடம், மாதம், தேதியோடு. படை எப்போது கிளம்பியது, ஊரில் என்ன வதந்தி, யாருக்குப் பணம் போகவில்லை என்றெல்லாம் அதில் கிடைக்கும். கோட்டின் கைமடிப்பு என்ன நிறம் என்று மட்டும் அதில் தேடாதீர்கள்.

சரி, எதில் தொடங்குவது? 1746 அடையாறு வேண்டாம். பாரடி (Paradis) என்ற தளபதியின் சிறிய பிரெஞ்சுப் படை, சுமார் 10,000 பேர் கொண்ட ஆற்காட்டு நவாப் படையை விரட்டிய சண்டை என்று எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மேசையில் அது படு சலிப்பு. நவாப் பக்கம் ஆடுகிறவன் காபி குடித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். புகழ்பெற்ற சண்டை என்பதாலேயே அது நல்ல ஆட்டமாகிவிடாது.

நீங்கள் திருச்சிக்காரர். உங்கள் ஊருக்கு வெளியே, 1753-54இல், கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர்களுக்குத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் (புதுக்கோட்டை) பொதிமாடுகளில் அரிசி வந்துகொண்டிருந்தது. அதை மறிக்க பிரெஞ்சுக்காரர்களும், அவர்களோடு சேர்ந்துகொண்ட மைசூர்ப் படையும் மொராரி ராவின் மராத்தியக் குதிரைகளும் காத்திருந்தார்கள். 1754 பிப்ரவரியில் அப்படி வந்த பெரிய கூட்டம் ஒன்றைக் குதிரைப்படை வளைத்து அழித்தது. காவலுக்கு வந்தவர்களை ஒரே இடத்தில் திரட்டி நிறுத்தாமல், மாட்டு வரிசை நெடுக சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து நடக்கவிட்டதுதான் வினையாகிப்போனது.

இதில் உங்களுக்குத் தேவையான ஆட்டம் இருக்கிறது. மொத்தக் கூட்டத்தையும் ஆடவேண்டாம், வரிசையின் ஒரு முனை போதும். கையில் இருக்கும் 40 பேரை அப்படியே காவலாக வையுங்கள், ஒரு பொம்மைக்கு ஒரு ஆள். புதிதாக வாங்கவேண்டியது 12 குதிரைகள். பிரித்து நிறுத்தினால் மாடுகளுக்குக் காவல் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு குழுவும் சாகும். திரட்டி நிறுத்தினால் நீங்கள் பிழைப்பீர்கள், அரிசி போய்விடும். நண்பனிடம் குதிரையைக் கொடுங்கள். டாங்க் ஓட்டிப் பழகியவனுக்குப் பக்கவாட்டில் சுற்றிவந்து அடிக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனை ஒரு படை வாங்கச் சொல்லாதீர்கள். புதுக் காலகட்டத்தில் இறங்குகிறவன் இரண்டு பக்கத்துக்கும் தானே பொம்மை பூசவேண்டும், எதிராளி வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தால் போதும்.

விதிகளுக்கு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது எளிய விதியை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு முறை சுட்டால் அடுத்த முறை மருந்து கெட்டிக்கவேண்டும், தோளோடு தோள் ஒட்டி நின்றால் குதிரைக்கு எதிராக உருட்டும் டைஸ் எண்ணிக்கை கூடும். இந்த இரண்டைச் சேர்த்தாலே முதல் மாலைக்குப் போதும். வந்தவாசி ஆசை அப்படியே இருந்தால், இரண்டு வருடம் கழித்து 10 மி.மீ. குட்டிப் பொம்மைகளில் பாருங்கள்.

மாடுகளுக்கு வெளிநாட்டுக்கு எழுதவேண்டாம். திருவிழாக் கடைகளில் 3 செ.மீ. உயரத்தில் பிளாஸ்டிக் மாடுகள் கிடைக்கும். எம்சீலை உருட்டி முதுகின் இருபுறமும் மூட்டையாகத் தொங்கவிட்டு, காய்வதற்குள் ஊசியால் தையல் கோடு போட்டுவிடுங்கள். ஸ்ப்ரே பிரைமரை (அடிப்பூச்சை) மட்டும் மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் உப்புப் பூத்ததுபோல ஆகிவிடும். எட்டு மாதம் கழித்துத் தூரிகை எடுக்கிறீர்கள், முதல் பத்தும் மாடாகவே இருக்கட்டும். மாட்டுக்கு என்ன நிறம் அடித்தாலும் யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள்.