அந்நிய நகரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால்

கேள்வி: எழுபது வயது அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குப் பத்து நாள் பயணம் போகிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறது. அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை, மொழியும் தெரியாது. நடுராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

பதில்: எந்த ஆஸ்பத்திரி என்ற கவலையை முதலில் இறக்கி வையுங்கள். நெஞ்சுவலியோ பக்கவாதமோ என்றால் அதை நீங்கள் முடிவு செய்யவே கூடாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு, இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ செய்ய ஆள் இருப்பார்களா என்பது உங்களுக்குத் தெரியாது, ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரியும். பல நகரங்களில் அவர்கள் வண்டியிலேயே ஈசிஜி எடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். டாக்ஸி சீக்கிரம் வந்துவிடும் என்று அதில் ஏற்றாதீர்கள். வழியில் இதயம் நின்றுவிட்டால் டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, எந்த எண்? ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுக்க 112. அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டனில் 999, அங்கே 112-ம் எடுக்கும். ஆஸ்திரேலியாவில் 000. ஆசியாவில்தான் கொஞ்சம் குழப்பம்: ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, அங்கே 999 அடித்தால் போலீஸ்தான் எடுக்கும். நீங்கள் போகிற ஊரின் எண்ணை உங்கள் போனில் மட்டுமல்ல, அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள். பூட்டிய போனிலும் அவசர அழைப்புக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதை எங்கே அழுத்துவது என்று அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். இன்டர்நெட்டுக்கு மட்டுமான சிம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாட்ஸ்அப்பில் அவசர எண்ணைக் கூப்பிட முடியாது.

என் அனுபவத்தில் நேரம் வீணாவது ஆம்புலன்ஸ் வரும் வழியில் அல்ல, அதற்கு முன்னாலும் பின்னாலும். முன்னால் என்றால், ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம், இது வாயுதான்’ என்று அப்பாவே சொல்லும் அந்த ஒரு மணி நேரம். அதை நம்பாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலேயே வரலாம். வெறும் வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டலாக இருக்கும். பின்னால் என்றால், வண்டி வாசலுக்கு வந்தும் இருபதாவது மாடிக்கு ஆள் வந்து சேர முடியாமல் போவது. அதனால் நீங்களே முதலில் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். அப்புறம் ஓட்டல் வரவேற்பறைக்குச் சொல்லுங்கள்: ஒருவர் வாசலில் நிற்க வேண்டும், ஒரு லிஃப்டைக் கீழே பிடித்து வைக்க வேண்டும்.

போனில் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது நோயை அல்ல, இடத்தை. இடையில் இணைப்பு அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டி வரும். இப்போதைய போன்கள் பல நாடுகளில் அவசர அழைப்பின்போது இருப்பிடத்தைத் தாமாகவே அனுப்பிவிடுகின்றன, ஆனால் எந்த மாடி என்பதை அவை சொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அதன் பெயர், முகவரி, அறை எண் மூன்றையும் ஒரு தாளில் உள்ளூர் மொழியில் எழுதி வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். வெளியே இருந்தால் மெட்ரோ நிலையத்தின் பெயரும் வெளிவாசல் எண்ணும் போதும். மொழி தெரியாவிட்டால் ‘இங்கிலீஷ்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், பல நகரங்களில் மொழிபெயர்ப்பாளரை அதே இணைப்பில் சேர்ப்பார்கள். அவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்கும்போது எரிச்சல்பட்டு போனை வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கும்.

வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறுவது ஆகிய பக்கவாத அறிகுறிகள் மூன்றில் எது வந்தாலும் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கு நீங்கள் சொல்லும் நேரத்திலிருந்துதான் தொடங்கும். சர்க்கரை இறங்கித் தடுமாறினால், நினைவு இருக்கும்வரை சர்க்கரைக் கரைசலோ இனிப்புச் சாறோ கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மருந்துச் சீட்டை நிறையப் பேர் தப்பாக எழுதுகிறார்கள். ‘வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று’ என்று எழுதுவதால் பயனில்லை. கம்பெனிப் பெயரும் அடுத்த நாட்டில் செல்லாது. மருந்தின் மூலப்பெயரை எழுதுங்கள்: குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்கிற மாதிரி. மூலப்பெயரிலும் சில சறுக்கல்கள் உண்டு. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொண்டால் கல்லீரலுக்கு ஆபத்து. ஸ்டென்ட் வைத்த தேதி, அப்போது கொடுத்த அட்டை, கடைசி ஈசிஜி ஆகியவற்றைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால், இன்று தெரியும் மாற்றம் புதியதா பழையதா என்று டாக்டர் நொடியில் சொல்லிவிடுவார். மாத்திரைகளும் இன்சுலினும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் பெட்டி தொலையலாம், குளிரில் இன்சுலின் உறைந்தும் போகலாம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுளுக்குக்கெல்லாம் அவசரப் பிரிவுக்குப் போகாதீர்கள். அங்கே வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள், யாருக்கு ஆபத்து அதிகமோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சுளுக்கோடு போனால் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். மருந்துக்கடைக்காரரையோ சிறிய கிளினிக்கையோ பாருங்கள்.

கடைசியாகப் பணம். அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, பணம் இருக்கிறதா என்று பார்த்து அவசரப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் பில் பிறகு வரும். எல்லா நாட்டிலும் இப்படிச் சட்டம் இல்லை. எனவே பயணக் காப்பீடு எடுங்கள். அப்பாவின் சர்க்கரையையும் ஸ்டென்ட்டையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் அதையே காரணம் காட்டித் தரமாட்டார்கள். அட்மிட் ஆனவுடன் பாலிசியில் உள்ள 24 மணி நேர எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். தூதரகம் டாக்டர்களின் பட்டியல் தரும், வீட்டுக்குத் தகவல் சொல்லவும் உதவும்; பொதுவாக ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது சுருக்க அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். எப்போது விமானம் ஏறலாம் என்பதையும் அதே டாக்டரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், விமான நிறுவனம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.